அப்பாவோட மஞ்ச டயல் சீக்கோவ "புதுசு மாதிரி" ஆக்கப் போய் நடந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

இதுல வர்றவங்க யாரோட பேரும் கடை பேரும் எழுதல. வாட்ச் சொந்தக்காரர்கிட்ட கேட்டு, அவர் சரின்னு சொன்ன அப்புறம்தான் எழுதுறேன். எனக்கு பழைய க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கை வாட்ச்) சேர்க்குற பழக்கம் ரொம்ப வருஷமா இருக்கு, ஆனா ரிப்பேர் தெரியாது, பின்மூடியத் திறந்து லென்ஸ் வச்சுப் பார்க்குறதோட சரி. இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு, அதையும் அது வர்ற இடத்துல சொல்லிடுறேன்.

பின்னணி

சொந்தக்காரருக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், சென்னைல வேலை, ஊர் நாகப்பட்டினம். அவரோட அப்பா அறுபதுகளோட கடைசில சிங்கப்பூர் போய் ஒரு மளிகைக் கடைல கணக்கு எழுதிட்டு இருந்தவர், 1972ல கல்யாணத்துக்காக ஊர் வந்தார். அப்போ சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், மெட்ராஸ்னு ஓடிட்டு இருந்த ரஜூலா கப்பல்தான் நம்ம ஜனங்களுக்கு எல்லாம், அதோட கடைசிக் காலம் அது. கப்பல்ல இருந்து இறங்குறப்போ கைல கட்டிட்டு வந்தது இந்த வாட்ச். பெட்டிக்குள்ள வச்சா கஸ்டம்ஸ்ல கேப்பாங்க, கைல கட்டியிருந்தா கேக்க மாட்டாங்கன்னு யாரோ சொல்லிக் குடுத்தாங்களாம், அது அந்த வீட்ல இன்னும் ஓடிட்டு இருக்குற கதை.

வாட்ச் சீக்கோ, பின்மூடில 6139-6002ன்னு இருக்கும், மஞ்ச டயல், சுத்தி நீலமும் சிவப்பும் கலந்த வளையம். தெரியாதவங்களுக்காக இந்த மாடல் பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லன்னா பின்னாடி வர்றது புரியாது.

1969ல தானா சாவி ஏறிக்குற க்ரோனோகிராஃப யார் முதல்ல கொண்டு வர்றதுன்னு மூணு கோஷ்டி மோதிக்கிச்சு. ஜனவரில ஜெனித் தன்னோட எல் ப்ரிமேரோவ அறிவிச்சாங்க, மார்ச்ல ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன்-ப்யூரன், டூபுவா டெப்ராஸ் எல்லாம் சேர்ந்து காலிபர் 11ன்னு ஒண்ணக் காட்டினாங்க, இந்தப் பக்கம் சீக்கோ பெருசா சத்தம் போடாம மே மாசம் ஜப்பான்ல 6139ங்குற மிஷின் போட்ட வாட்ச கடைலயே வித்துட்டாங்க. யார் முதல்னு இன்னைக்கும் ஆளுக்கு ஒரு கட்சி. எனக்கு அதுல பெருசா அக்கறை இல்ல, ஆனா மிஷினப் பொறுத்தவரை சீக்கோகாரன் பண்ணது பெரிய வேலை. காலம் வீலும் இருக்கு (தமிழ்ல எழுதினா ஏதோ காலச்சக்கரம் மாதிரி படிக்குது, ஆனா அது சுத்தி சின்னச் சின்ன தூண் நிக்குற ஒரு சக்கரம், பட்டன அமுக்கினா எது ஓடணும் எது நிக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும்), அதோட செங்குத்து கிளட்சும் இருக்கு. பழைய டிசைன்ல ரெண்டு பல் சக்கரம் பக்கவாட்டுல வந்து கோத்துக்கும், அதனால ஸ்டார்ட் அமுக்கினா முள் லேசா துள்ளும். இதுல அப்படி இல்ல, தட்டு மேல தட்டு உக்காந்து உராய்வுலயே சேர்ந்து சுத்தும், முள் வழுக்கிட்டு கிளம்பும். இந்த உராய்வு விஷயத்த மனசுல வச்சுக்கங்க.

இந்த மாடல்ல தனியா ஓடுற செகண்ட் முள் கிடையாது, நடுவுல இருக்குற செகண்ட் முள் ஸ்டார்ட் அமுக்கினாதான் ஓடும், கையால சாவி குடுக்கவும் முடியாது, கீழ 6 மணி இடத்துல 30 நிமிஷத்துக்கு ஒரு குட்டி டயல், வலது பக்கம் தேதி கிழமை. வில்லியம் போக்ங்குற விண்வெளி வீரர் 1973 நவம்பர்ல ஸ்கைலாப்ங்குற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குப் போனப்போ நாசாகிட்ட அனுமதி வாங்காம இந்த மாதிரி மஞ்ச டயல் ஒண்ண கூடவே எடுத்துட்டுப் போய் 84 நாள் கழிச்சு வந்தார், அதனால சேர்க்குறவங்க நடுவுல மஞ்ச டயலுக்கு போக்னே பேர். பேர் வந்ததும் விலை வந்துச்சு, விலை வந்ததும் புதுசா அச்சடிச்ச டயலும் வந்துடுச்சு.

வீட்டுக் கதைக்கு வருவோம். அப்பா கல்யாணம் காட்சின்னா கட்டுவார், தொண்ணூறுகள்ல பேட்டரி வாட்ச் வந்ததும் இது பாஸ்போர்ட், பழைய கடுதாசியோட ஒரு துணிப்பைல பீரோக்குள்ள போயிடுச்சு. அவர் தவறி ஒரு வருஷம் ஆகப் போறப்போ, திதிக்கு அன்னைக்கு அப்பா வாட்ச கட்டிக்கலாம்னு மகனுக்கு ஆசை. எடுத்துப் பார்த்தா ஓடல, கண்ணாடி மங்கிப் போயிருந்துச்சு, டயல்ல 4 மணி பக்கம் பழுப்பா ஒரு கறை. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வாட்ச் கடைல குடுத்து "புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க, காசு பத்தி யோசிக்காதீங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டார். மூணு வாரம், 6,500 ரூபா. வந்துச்சு, பளபளன்னு.

திதி அன்னைக்கு அம்மா கையப் பிடிச்சுப் பார்த்துட்டு, "இது உங்கப்பா வாட்ச் இல்லையேப்பா"ன்னு சொல்லியிருக்காங்க.

எங்ககிட்ட வந்தப்போ

2024 ஜனவரி, பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும். நண்பர் ஒருத்தர் மூலமா எனக்கு போன் பண்ணார், "அண்ணா, வாட்ச மாத்திட்டாங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க"ன்னார். நேர்ல வரச் சொன்னேன். போட்டோ பார்த்துச் சொல்றது எனக்குப் பிடிக்காது.

முதல் நாள் பார்த்தது

டயல் புதுசுன்னு சொல்ல லென்ஸ் கூடத் தேவைப்படல. ஒரிஜினல் மஞ்ச டயல்ல வெளிச்சம் பட்டா நடுவுல இருந்து கதிர் மாதிரி ஒரு மினுக்கம் ஓடும், கைய லேசா திருப்பினா அதுவும் கூடவே திரும்பும். இது சுவத்துக்கு அடிச்ச பெயிண்ட் மாதிரி தட்டையா இருந்துச்சு. லென்ஸ் வச்சதும் எழுத்தோட ஓரம் மை ஊறின மாதிரி தடிச்சு இருக்கு. டயலோட அடி விளிம்புல, 6 மணிக்குக் கீழ, பொடி எழுத்துல ஜப்பான்னும் ஒரு கோடு நம்பரும் இருக்கணும், அது சுத்தமா இல்ல.

பெரிய ஆதாரம் வேற. பின்மூடில வாட்டர் ரெசிஸ்ட்னு வெட்டியிருக்கு, டயல்ல 70 மீட்டர் வாட்டர் ப்ரூஃப்னு அச்சு. சீக்கோ 1970 வாக்குல ப்ரூஃப்ங்குற வார்த்தைய விட்டுட்டு ரெசிஸ்ட்னு போட ஆரம்பிச்சுட்டாங்க, அதனால மூடி ஒண்ணு சொல்லி டயல் இன்னொண்ணு சொன்னா ரெண்டும் ஒரே வாட்ச்ல பிறந்ததா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. பின்மூடி சீரியல் நம்பர்ல முதல் எண் 1, அடுத்தது 8. முதல் எண் வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். 6139 எழுபதுகளோட முடிஞ்ச மிஷின், அதனால இது 1971 ஆகஸ்ட். 1972ல வாங்கினதுக்கு கணக்கு சரியா வருது.

அப்புறம் டார்ச் அடிச்சுட்டு ரூம் லைட்ட அணைச்சுப் பார்த்தோம். முள்ளும் மணிக் குறியும் பச்சையா எரிஞ்சுச்சு, அஞ்சு நிமிஷம் ஆகியும் எரிஞ்சுச்சு. அம்பது வருஷம் முன்னாடி பூசுனது அப்படி எரியாது.

கேஸ, அதாவது வாட்சோட வெளிக்கூட்ட, நல்லா பஃபிங் (சக்கரத்துல வச்சுத் தேய்க்குற பாலிஷ்) போட்டிருந்தாங்க, கூர்மையா இருக்க வேண்டிய விளிம்பெல்லாம் பாதி கரைஞ்ச சோப்பு மாதிரி ஆகியிருந்துச்சு. நீல சிவப்பு வளையம் புதுசு, ரெண்டு கலரும் கண்ணக் குத்துது. கழட்டின ஸ்டீல் சங்கிலிய மட்டும் கடைக்காரர் கவர்ல போட்டுத் திருப்பிக் குடுத்திருக்கார், அதுக்குப் பதிலா தோல் பட்டை.

ஓட்டிப் பார்த்தப்போ ரெண்டு கோளாறு. ஸ்டார்ட் அமுக்கினா முள் நல்லா கிளம்புது, ஆனா 55, 58 செகண்ட் கிட்ட வந்ததும் தயங்கி நிக்குது, தட்டினா மறுபடி போகுது. ரெண்டாவது, ரீசெட் அமுக்கினா முள் 12க்கு வராம 2 செகண்ட் தள்ளி நிக்குது, அடுத்த தடவை 3, அதுக்கு அடுத்த தடவை 5. ஒரே இடத்துல தள்ளி நின்னா முள்ள மாட்டினப்போ கோணலா மாட்டிட்டாங்கன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் கூடிட்டே போனா முள்ளோட குழாய் லூஸ். ரீசெட் பண்றப்போ உள்ள ஒரு சுத்தியல் வந்து டக்குனு அடிக்கும், அந்த அடிக்கு லூஸான முள் வழுக்கிடும்.

நான் பண்ண தப்பு

இது வரைக்கும் சரிதான். இங்கதான் வாய விட்டேன். பின்மூடில நிறைய கீறல், தேய்மானம், ஆனா கேஸ் கண்ணாடி மாதிரி இருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்ல. "கேஸும் மாத்தியிருப்பாங்க போல, மூடி மட்டும்தான் உங்கப்பாவோடதுன்னு நினைக்குறேன்"னு சொல்லிட்டேன். போலன்னுதான் சொன்னேன், ஆனா அவர் இருந்த மனநிலைல அது காதுல விழுமா? அன்னைக்கு சாயங்காலமே கடைக்கு போன் போட்டு திருடிட்டீங்கன்னு கத்திட்டார். கடைக்காரரும் பதிலுக்குக் கத்தியிருக்கார், உங்க வேலைய எவன் தொடுவான்னு போன வச்சுட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு ஊர்ல இருந்து அவரோட அக்கா அந்தத் துணிப்பையோட வந்தாங்க. அதுல சிங்கப்பூர் கடையோட கேரண்டி அட்டை, மடிச்ச மடிப்புல கிழிஞ்சு, ஆனா நம்பர் தெளிவா இருக்கு. பின்மூடி நம்பரும் அதுவும் ஒண்ணு. மூடி சரி, கேஸுக்குன்னு தனியா நம்பர் கிடையாதே, அத எப்படி உறுதி பண்றது? அக்காதான் அந்தப் பழைய சங்கிலிய எடுத்து மாட்டிப் பார்ப்போம்னாங்க. மாட்டினதும் தெரிஞ்சுச்சு. சங்கிலியோட கடைசித் துண்டு கேஸோட ரெண்டு காதுக்கும் (சங்கிலிய மாட்டுற நீட்டம்) நடுவுல உரசி உரசி உள்பக்கமா பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கு, இடது பக்கம் ஆழமா, வலது பக்கம் லேசா. சங்கிலித் துண்டுலயும் அதே பிறை, அதே மாதிரி இடது பக்கம் ஆழம். பஃபிங் சக்கரம் அந்த இடுக்குக்குள்ள போகாது, அதனால அது மட்டும் தப்பிச்சிருக்கு. இருபது வருஷம் ஒரே கைல கிடந்த கேஸ்தான், மாத்தவே இல்ல.

மூடிய கடைக்காரர் பாலிஷ் பண்ணாம விட்டிருக்கார், அவ்வளவுதான் விஷயம். என்னால ஒருத்தர் திருடன்னு பேர் வாங்கிட்டார்.

சொந்தக்காரர் ரொம்ப நொந்துட்டார், நமக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு. ஆறுதலுக்கு நான் ஒமேகா கதைய சொன்னேன். 1957ல வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் ஒண்ணு 2021 நவம்பர்ல ஜெனீவா ஏலத்துல 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல போச்சு, வாங்கினது ஒமேகாவே, தன்னோட மியூசியத்துக்காக. 2023ல பார்த்தா அது பல வாட்சோட பாகத்த வச்சு சேர்த்த ஒண்ணுன்னு அவங்களே சொல்லிட்டாங்க, தங்ககிட்ட வேலை பார்த்தவங்களுக்கும் அதுல பங்கு இருக்குன்னாங்க. செஞ்ச கம்பெனியே ஏமாந்துருக்கு. அவர் சிரிச்சார்னு சொல்ல முடியாது, டீ குடிச்சார்.

கடைக்குப் போனது

இங்க எடுத்த முடிவு: போலீஸ், கம்ப்ளெயிண்ட் எதுவும் வேணாம், நேர்ல போய் முதல்ல மன்னிப்பு கேக்குறது, அப்புறம் பழைய பாகத்தக் கேக்குறது. காரணம் நியாய அநியாயம் எல்லாம் இல்ல, அவசரம். ரிப்பேர் கடைல கழட்டின பழைய டயல் ரொம்ப நாள் தங்காது, ஒண்ணு குப்பைக்குப் போகும், இல்ல மொத்தமா பழைய சாமான் எடுக்குறவர்கிட்ட போகும். சண்டை போட்டுட்டு இருந்தா அது போற வழிய நாமே திறந்து விட்ட மாதிரி.

ஆறடி கடை. போனதும் சொந்தக்காரர் "அண்ணே, கோவத்துல தப்பா பேசிட்டேன், கேஸ் எங்களோடதுதான், மன்னிச்சுக்கங்க"ன்னார். நானும் நான்தான் தப்பா சொன்னேன்னு சொன்னேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் எங்களப் பார்க்காமலே ஒரு அலாரம் டைம்பீஸ நோண்டிட்டு இருந்தார். அப்புறம் நிமிர்ந்து, "சார், நீங்கதான புதுசு மாதிரி வேணும்னீங்க? கறை பிடிச்ச டயல வச்சுக் குடுத்தா புதுசு மாதிரி இருக்குமா? பாம்பேல இருந்து வரவழைச்சு 1,200 ரூபாக்கு டயல் போட்டேன், நல்லதுதான செஞ்சேன்"னார்.

என்னால பதில் சொல்ல முடியல. சேர்க்குறவங்க இப்படி அச்சடிச்ச டயல் போட்ட வாட்ச மும்பை ஸ்பெஷல்னு கிண்டல் பண்றோம், நானும் பண்ணியிருக்கேன். ஆனா அவர் கண்ணுல பார்த்தா வாட்ச்ங்குறது ஓடணும், பளிச்சுனு இருக்கணும், கஸ்டமர் சிரிச்சுட்டுப் போகணும். நூத்துல தொண்ணூறு பேர் அதுக்குத்தான வர்றாங்க.

பழைய டயல் இருக்கான்னு கேட்டோம். டிராயர்ல இருந்து பிலிம் ரோல் டப்பா ஒண்ண எடுத்துக் கவுத்தார். முப்பது நாப்பது டயல், எச்எம்டி, ஆல்வின், ஃபேவர் லூபா, நடுவுல ஒரு மஞ்சள். விளிம்புல புதுசா ஒரு கீறல் விழுந்திருந்துச்சு, 4 மணி பக்கம் அந்தப் பழுப்புக் கறை, டயல்ல ரெசிஸ்ட்னு அச்சு, அடில பொடி எழுத்துல கோடு நம்பர். சொந்தக்காரர் அத உள்ளங்கைல வச்சுட்டு பேசவே இல்ல.

முள்ளு எல்லாம் ஒரு தைல டப்பாக்குள்ள. நடு செகண்ட் முள்ளுக்கு ரெண்டு ஆள் போட்டி போட்டுச்சு, ரெண்டுமே பழசு, ரெண்டுலயும் பெயிண்ட் வெளுத்திருக்கு, எது இந்த வாட்சோடதுன்னு அவராலயே சொல்ல முடியல. ரெண்டையும் வாங்கிட்டோம், மணி, நிமிஷ முள்ளும் கிடைச்சுச்சு. நீல சிவப்பு வளையம் மட்டும் போச்சு. "வெளுத்துப் போயிருந்துச்சேன்னு குப்பைல போட்டுட்டேன் சார்"னார். வெளுத்த வளையத்துக்குத்தான் ஆளுங்க காசு குடுக்குறாங்கன்னு அவர்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது. 500 ரூபா குடுத்தோம், வாங்கிக்கல.

மிஷினத் திறந்தப்போ

அடுத்து யார்கிட்ட குடுக்குறதுன்னு பேச்சு. அதே கடைல குடுக்கலாம்னு சொந்தக்காரர் சொன்னார், பாவம்னு. நான் வேணாம்னேன். அவர் கை நல்ல கை, ஆனா க்ரோனோகிராஃப் கை இல்ல. திருச்சிப் பக்கம் எழுபது தாண்டின மாஸ்டர் ஒருத்தர் இருக்கார், சீக்கோ ஆட்டோமேட்டிக் மட்டும் கண்ண மூடிட்டுக் கழட்டுவார், பஸ் ஏறிப் போய்க் குடுத்தோம்.

அவர் மூடியத் திறந்து மோந்து பார்த்துட்டு "பெட்ரோல்ல முக்கியிருக்கான்"னார். முழு மிஷினையும் பிரிக்காம பெட்ரோல்ல அலசிட்டு மேல எண்ணெய் விட்டிருக்காங்க, எண்ணெய் போகக் கூடாத இடமெல்லாம் போயிருக்கு, முக்கியமா அந்த கிளட்ச் சக்கரத்துக்குள்ள. மேல சொன்னேனே, உராய்வுல ஓடுற தட்டு. அதுல எண்ணெய் இறங்கினா சைக்கிள் பிரேக் கட்டைல எண்ணெய் விட்ட கதைதான், பிடிக்காது. சும்மா சுத்துற வரைக்கும் தாக்குப் பிடிக்கும், 60 செகண்ட் நெருங்குறப்போ நிமிஷ முள்ள ஒரு படி தள்ளுற சுமை வரும், அங்க வழுக்கிடும். அதனாலதான் எப்பவும் 55க்கு மேல நின்னிருக்கு. முதல் நாள் எங்களுக்குப் புரியாதது மாஸ்டருக்கு நாலு நிமிஷத்துல புரிஞ்சுது.

அந்தச் சக்கரத்தப் பிரிச்சு சுத்தம் பண்ணிப் பார்க்கட்டுமான்னு கேட்டேன். "பிரிக்கலாம், திரும்பச் சேராது"ன்னார். அதனால வேற ஒரு 6139 மிஷின வாங்கி அதுல இருந்து சக்கரத்த எடுக்குறதுன்னு முடிவு. இங்க காசு போச்சு. ஆன்லைன்ல 4,500க்கு ஒரு மிஷின் போட்டோ பார்த்து சொந்தக்காரர் அவசரப்பட்டு வாங்கிட்டார், வந்து பார்த்தா கீழ்ப்பக்கம் முழுக்க துரு, ஒரு ஸ்க்ரூ கூட உதவல. அடுத்தது எனக்குத் தெரிஞ்ச ஒரு சேகரிப்பாளர்கிட்ட டயல் உடைஞ்ச வாட்ச் ஒண்ணு இருந்துச்சு, 7,000. 6139லயே ஏ, பின்னு ரெண்டு வகை இருக்கு, எல்லா பாகமும் ஒண்ணுக்கொண்ணு மாறாது, அதனால மிஷின்ல வெட்டியிருக்குற எழுத்த போட்டோ எடுத்து மாஸ்டருக்குக் காட்டி அவர் தலையாட்டின அப்புறம்தான் காசு குடுத்தோம். முதல் தடவையே இதப் பண்ணியிருக்கணும்.

செகண்ட் முள் ரெண்டுல ஒண்ணு அச்சுல இறுக்கமா உக்காந்துச்சு, இன்னொண்ணு தளதளன்னு. இறுக்கமானதப் போட்டோம். அதுதான் ஒரிஜினல்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

கறைய என்ன பண்றது

இதுதான் ரொம்ப நேரம் எடுத்த முடிவு, ஆனா வேலைன்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. சொந்தக்காரருக்கு கறைய லேசா துடைச்சா நல்லா இருக்குமேன்னு. மாஸ்டர் ஒத்துக்கல, "ஊதுற பல்ப் வச்சு தூசி தட்டுவேன், அதுக்கு மேல கை வைக்க மாட்டேன், துணி பட்டா கறையோட எழுத்தும் வந்துடும்"னார். எனக்கும் அதே கருத்து. சரி வீட்ல கேட்டுச் சொல்றேன்னு அம்மாவுக்கு போன் போட்டார், ஸ்பீக்கர்ல.

அம்மா சொன்னாங்க: "அது காணும் பொங்கலுக்கு கடல்ல தண்ணி போனதுப்பா. நீ அலைல விழுந்துட்டே, உனக்கு நாலு வயசு, உங்கப்பா வாட்சோட கைய விட்டுத் தூக்குனாங்க. அப்புறம் ஒரு மாசம் அதையே தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க."

70 மீட்டர்னு போட்டிருந்தா என்ன, உள்ள இருக்குற ரப்பர் வளையம் பத்துப் பன்னெண்டு வருஷத்துல காஞ்சு போயிடும், ஒரு அலை போதும். போன வச்சுட்டு சொந்தக்காரர் "அப்படியே விட்டுடுங்க மாஸ்டர்"னார்.

முடிவுல என்ன நிலை

ஏப்ரல்ல, தமிழ் வருஷப் பிறப்புக்கு முந்தின வாரம் வாட்ச் கைக்கு வந்துச்சு. ஒரு நாளைக்கு பதினஞ்சு செகண்ட் முன்னாடி ஓடுது, அம்பது வருஷ மிஷினுக்கு அது போதும், குறைக்கட்டுமான்னு மாஸ்டர் கேட்டதுக்கு வேணாம்னுட்டோம். க்ரோனோ முள் 60ஐ தாண்டி வழுக்காம போகுது, ரீசெட் பண்ணா 12லயே நிக்குது, முப்பது தடவை அமுக்கிப் பார்த்தேன்.

சரி ஆகாதது: கேஸ் விளிம்பு. போன உலோகம் போனதுதான். நீல சிவப்பு வளையம் புதுசுதான் இருக்கு, ஒரிஜினல் வெளுத்தது கிடைச்சா மாத்தலாம்னு விட்டிருக்கோம். மூணு வாரம் டப்பால கிடந்து டயல்ல விழுந்த கீறல் ஒண்ணும் அப்படியே இருக்கு.

செலவு முதல் கடை 6,500, துரு மிஷின் 4,500, ரெண்டாவது 7,000, மாஸ்டர் கூலி 5,000, மொத்தம் 23,000. விக்குற எண்ணம் அவருக்கு இல்ல, ஆனா கணக்குக்காக ஒண்ணு சொல்றேன். கடைல குடுக்குறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவ, ஓடாத, மங்கின கண்ணாடியோட, ஒருத்தர்கிட்ட காட்டினப்போ 35,000 தர்றேன்னார். புது டயலோட பளபளன்னு இருந்தப்போ எடுத்த போட்டோவுக்கு அதே ஆள் 12,000ன்னார்.

ஒரு அட்டைல எல்லாத்தையும் எழுதி கேரண்டி அட்டையோட வச்சுட்டோம்: கேஸ், மூடி, டயல் ஒரிஜினல்; கிளட்ச் சக்கரம் வேற 6139ல இருந்து; செகண்ட் முள் ஒரிஜினலா இருக்கலாம்; வளையம், கண்ணாடி புதுசு; கேஸ் பாலிஷ் ஆனது. நாளைக்கு யார் கைக்குப் போனாலும் அவங்க என்ன மாதிரி ஊகம் பண்ண வேண்டியது இல்ல.

வாட்ச் இப்போ அக்கா வீட்ல இருக்கு. கண்டுபிடிச்சது நான்தானேன்னு அவங்க கேட்டாங்களாம்.

மறுபடி இப்படி ஒண்ணு வந்தா

என்ன பொறுத்தவரை, பார்த்தத மட்டும் சொல்லணும், பார்க்காதத "போல" போட்டுக் கூட சொல்லக் கூடாது. சங்கிலி முதல் நாளே மேசை மேலதான் கிடந்துச்சு, நான் அதத் தொடவே இல்ல, டயல் பொய்யின்னு கண்டுபிடிச்ச ஜோர்ல மத்ததும் பொய்யின்னு முடிவு பண்ணிட்டேன். பேப்பர் ஏதாச்சும் இருக்கான்னு வீட்ல கேக்கவும் தோணல.

கடைல குடுக்குறப்போ சொல்ற வார்த்தைய மாத்தணும். "ஓடுற மாதிரி பண்ணுங்க, வெளில எதுவும் தொடாதீங்க, பாலிஷ் வேணாம், டயல், முள் மாத்தணும்னா போன் பண்ணுங்க, கழட்டினது எல்லாம் குப்பையா இருந்தாலும் எனக்கு வேணும்"னு சொல்லி, அதையே பில்லுல எழுதி வாங்கணும். குடுக்குறதுக்கு முன்னாடி முன்பக்கம், பின்பக்கம், காதுக்கு நடுவுல, டயலோட அடி விளிம்புன்னு கிட்டத்துல போட்டோ. சொந்தக்காரர்கிட்ட அப்படி ஒரே ஒரு போட்டோதான் இருந்துச்சு, அதுவும் டியூப்லைட் வெளிச்சத்துல.

வேற மிஷின் தேடுறப்போ மாஸ்டர கேக்காம காசு அனுப்பக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும், ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்கு இன்னும் ஒண்ணுதான் பாக்கின்னு போட்டிருந்தா யாருக்கும் ஞாபகம் வராது.

போன மாசம் என்னோட வாட்ச் ஒண்ணுக்கு கண்ணாடி மாத்த அந்த முதல் கடைக்கே போனேன். சாதா எச்எம்டி, கண்ணாடி முப்பது ரூபா கூடப் பெறாது. வேலை முடிச்சு, உடைஞ்ச பழைய கண்ணாடிய ஒரு சின்ன ஜிப் கவர்ல போட்டு, பில்லோட சேர்த்து ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுத்தார்.